ஓய்வுத் துடிப்பு

நகரப் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடும் மென்பொருளை எழுதுகிற நிறுவனம் அது. அதன் மூன்றாவது மாடியில் ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவுக்குத் தலைவராக இருந்தவரை, அவர் அறையில் இல்லாதபோது ஆமை என்று சொல்வார்கள். மற்றவர்கள் எழுதிய நிரலை ஒரு வரி விடாமல் படித்த பிறகுதான் ஒப்புதல் கொடுப்பார். பத்து வரித் திருத்தத்துக்கு அரை நாள் எடுத்துக்கொள்வார். நேரில் எல்லோருக்கும் அவர் அண்ணா. பட்டப்பெயர் அவருக்கும் தெரியும். ஆமை எங்கேயாவது போய் முட்டிக்கொண்டு பார்த்திருக்கிறாயா என்று மனைவியிடம் கேட்டிருக்கிறார்.

அப்படிப்பட்டவரே ஒரு வியாழக்கிழமை பிற்பகலில் ஒரு குறியைத் தலைகீழாகப் போட்டுவிட்டார். சிறியது என்று இருக்கவேண்டிய இடத்தில் பெரியது. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினான்கு தடங்களில் பேருந்துகள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்க, நிறுத்தங்களில் இருந்த பலகைகள் மட்டும் இன்று சேவை இல்லை என்று காட்டின. நின்று பார்த்தவர்கள் நடக்கத் தொடங்கினார்கள். அவர்களைத் தாண்டி வெற்றுப் பேருந்துகள் போயின. யானைக்கும் அடி சறுக்கும் என்று மேலாளர் ஆறுதல் சொன்னார். ஆமைக்குமா என்று யாரோ முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது.

பிழை நடந்ததைவிட, அது எப்படித் தன் கண்ணில் படாமல் போனது என்பதுதான் அவரை அரித்தது. அந்த வரியை அன்று நான்கு முறை படித்திருந்தார்.

அவர் கையில் ஒரு வாட்ச் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றபோது அவர் மனைவி வாங்கிக் கட்டிவிட்டது. அவள் ஒரு மருத்துவமனையில் பொது வார்டில் செவிலியர். அவள் சொன்னால் வீட்டில் மறுபேச்சு கிடையாது. நடை, தூக்கம், நாடித்துடிப்பு என்று அது இரவும் பகலும் எழுதிக்கொண்டிருந்தது. அவர் மணி பார்க்க மட்டும் பயன்படுத்தினார். அலுவலகத்தில் நிரல் எழுத உதவும் ஏஐ ஒன்று இருந்தது. அவர் எந்த நாள் எந்த வரியை எழுதினார், எது பிழையாகத் திரும்பி வந்தது என்பதெல்லாம் அதற்குத் தெரியும். எழுதும்போது உடம்பு எப்படி இருந்தது என்பது வாட்சுக்குத் தெரியும். இரண்டும் ஒன்றோடொன்று பேசியதில்லை.

ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டையும் பேச வைத்தார். பெரிய வேலை ஒன்றும் இல்லை. வாட்ச் சேர்த்துவைப்பதைத் தினமும் காலையில் கைபேசியிலிருந்து எடுத்து, ஓர் அட்டவணையில் அடுக்கி, ஏஐ கேட்கும்போது கொடுக்கிற ஒரு சின்ன நிரல். அதில் பெரும்பகுதியை ஏஐயே எழுதிக் கொடுத்தது. முதல் முயற்சியில் நேரக் கணக்கு பிசகி, அவர் தினமும் காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு வரை ஆழ்ந்து தூங்குவதாக வந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்து, அதில் தப்பு இருப்பதாகத் தனக்குத் தெரியவில்லை என்றாள்.

மதியத்துக்குள் நேரம் சரியானது. கடந்த மூன்று மாதத்தில் தான் செய்த பிழைகளையும் அந்த நேரங்களில் தன் உடம்பு இருந்த நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொன்னார். தூக்கம்தான் காரணமாக இருக்கும் என்று நினைத்திருந்தார். தூக்கத்துக்கும் பிழைக்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை என்று பதில் வந்தது. பதினோரு பிழைகளில் ஒன்பது, அவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நாற்காலியைவிட்டு எழுந்திருக்காத சமயத்தில் எழுதப்பட்டவை. அந்த வியாழக்கிழமை மூன்று மணி பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். பதினொன்று என்பது சிறிய எண்ணிக்கை, இதை வைத்து முடிவுக்கு வந்துவிட வேண்டாம் என்றும் ஏஐ சேர்த்துச் சொல்லியிருந்தது. அந்த நிதானம் அவருக்குப் பிடித்திருந்தது.

திங்கட்கிழமையிலிருந்து மணிக்கு ஒருமுறை எழுந்து படியிறங்கி, கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சைக்கிள் நிறுத்தும் கொட்டகை, ஏசி இயந்திரங்கள் சூடான காற்றைத் துப்பும் பின்பக்கச் சந்து, வாசல் காவலாளியின் மேசை, மறுபடி படி. இரண்டு மாதத்தில் ஒரே ஒரு பிழை. முதலில் சிரித்த குழு, பிறகு ஒவ்வொருவராக வந்து தங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. முதலில் வந்தவன் வாரக் கடைசிகளில் நெடுந்தூரப் பந்தயம் ஓடுகிறவன். அவனை ஓட்டக்காரன் என்றே அழைப்பார்கள். அவனுக்குத் தன் நாடித்துடிப்பை நாலு பேருக்குக் காட்டவேண்டும் என்ற ஆசையே இருந்தது. பின்னால் மற்ற இருவர் வந்தார்கள்.

கடைசியாக வந்தவள் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிறவள். முப்பத்தொரு வயது. அவளுக்கு அலுவலகத்தில் பூட்டு என்று பெயர். டேட்டாபேஸிலிருந்து யார் எதைக் கேட்டாலும் எதற்கு என்று கேட்காமல் கொடுக்கமாட்டாள். மேலாளரையே இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறாள். இங்கேயும் அதைத்தான் கேட்டாள். இதையெல்லாம் யார் யார் பார்க்கலாம் என்றாள்.

"நான் மட்டும்தான்மா."

"நீங்கதானே. அப்ப சரிண்ணா" என்று கைபேசியை நீட்டினாள்.

ஒவ்வொருவருடையதையும் தனித்தனியாக வைத்து, அவரவர் மட்டும் பார்க்கும்படி செய்ய இரண்டு நாள் பிடித்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போட்டுத் தன் கணக்கிலிருந்து பார்க்க அரை மணி நேரம் போதும். அவர் அரை மணி நேரத்தில் முடித்தார். வேறு யாராவது அப்படி எழுதிக்கொண்டு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்.

அதன் பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும் குழுவுக்கு ஒருவரிச் செய்தி வந்தது. இன்று சிக்கலான வேலையை மதியத்துக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள் என்றோ, மூன்று பேர் சரியாகத் தூங்கவில்லை, இன்று எதையும் வெளியிட வேண்டாம் என்றோ இருக்கும். பெயர் எதுவும் இருக்காது. பிழைகள் குறைந்தன. மேலாளர் இதைக் கவனித்துவிட்டு, மாடி முழுவதற்கும், நாற்பது பேருக்கும் செய்யலாம் என்று ஒரு கூட்டத்தில் சொல்லிவைத்தார்.

அந்த ஆண்டின் பெரிய வேலை, பத்து வருடப் பழைய டேட்டாபேஸைப் புதிய இயந்திரங்களுக்கு மாற்றுவது. பேருந்துகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க, தடம் தடமாக மாற்றவேண்டும். ஓடுகிற பேருந்தில் சக்கரம் மாற்றுகிற மாதிரி என்று பூட்டு சொல்வாள். இரண்டு வருடமாக இதற்காகவே ஒரு தடித்த நோட்டில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். இதை அவள்தான் முன்னின்று நடத்தப்போகிறாள் என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அதற்கு எட்டு வாரம் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை, ஆமை வேலைப் பங்கீட்டை எழுத உட்கார்ந்தார். பழக்கம் அவரை எங்கே கொண்டுபோயிருந்தது என்றால், யார் எவ்வளவு சுமை தாங்குவார்கள் என்று ஏஐயிடம் கேட்கும் அளவுக்கு. குழுவில் ஒருவருடைய ஓய்வுத் துடிப்பு, அதாவது சும்மா இருக்கும்போது உள்ள நாடித்துடிப்பு, நான்கு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வருகிறது என்று பதில் வந்தது. அறுபத்திரண்டிலிருந்து எழுபது. தூக்கமும் துண்டுதுண்டாக இருக்கிறது. இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம், எண்களை வைத்துத் தன்னால் சொல்ல முடியாது. வேலையை முடிவு செய்ய இதைப் பயன்படுத்துவதற்கு முன் அந்த நபரிடமே பேசுவது நல்லது என்றும் இருந்தது. அவர் அந்தக் கடைசி வரியையும் படித்தார். பிறகு அது யார் என்று அட்டவணையில் பார்த்தார்.

மாலையில் மனைவி மறுநாளைய சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒருவருக்கு இப்படி ஏறினால் என்னவாக இருக்கும் என்று பேச்சுவாக்கில் கேட்டார். யார் என்று சொல்லவில்லை. அவள் காய்ச்சலா என்று கேட்டாள். ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை என்றார். வயது கேட்டாள். சொன்னார்.

"ஆம்பளையா, பொம்பளையா?"

அவர் பதில் சொல்லவில்லை. அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். வாயைத் திறக்காமல் இருந்ததாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த எண்களுக்குப் பின்னால் ஒரு கர்ப்பம் இருக்கலாம் என்பது அவருக்கும் அதே நொடியில்தான் புரிந்தது.

"எங்க வார்டுல தேவையில்லாம ஒரு ஃபைலைத் திறந்தா, யார் திறந்தாங்கன்னு பதிவாகும். கூப்பிட்டுக் கேப்பாங்க" என்றாள். "உங்க ஆபீஸ்ல அப்படி எதுவும் இல்லையா?"

இல்லை என்றார். அதை எழுதியதே தான்தான் என்று சொல்லவில்லை, அவளுக்குத் தெரியும்.

அவள் எதையும் செய்யாதீர்கள், பார்க்காதது மாதிரி இருந்துவிடுங்கள் என்றாள். அவருக்கு அது சரியென்று பட்டது. ஆனால் மறுநாள் பங்கீட்டை எழுதும்போது, எட்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு முழுக்கப் பூட்டு நின்றுகொண்டே வேலை பார்ப்பது கண்ணில் வந்து நின்றது. அதற்கு முந்தைய வாரங்கள் எப்படியிருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். மாற்றும் வேலையை முன்னின்று நடத்துபவர் என்ற இடத்தில் ஓட்டக்காரனை எழுதினார். பூட்டு அவனுக்கு ஆலோசனை சொல்வாள் என்று அடியில் ஒரு வரி. அவளுக்கு நல்லதுதான் செய்கிறோம் என்று நம்பினார்.

அது வெளியான அரை மணி நேரத்தில் அவள் அவர் மேசைக்கு வந்தாள். நோட்டு கையில் இருந்தது.

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனாண்ணா?"

அப்படியெல்லாம் இல்லை என்றார். ஏற்கெனவே நிறையச் சுமக்கிறாய், மற்றவர்களும் கற்றுக்கொள்ளவேண்டும், ஒரே ஆளை நம்பி இருப்பது குழுவுக்கு நல்லதில்லை என்று வரிசையாகச் சொன்னார். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, சரி என்று திரும்பிப் போனாள். நோட்டை ஓட்டக்காரன் மேசையில் வைத்துவிட்டு, பக்கத்துக்குப் பக்கம் விளக்கமாகச் சொல்லிக் கொடுத்தாள். குரலில் ஒரு குறையும் இல்லை. அன்று அவளுக்கு எதிரில் உட்கார்ந்து அவரால் சாப்பிட முடியவில்லை. உண்மையைச் சொல்லலாம் என்றால், எப்படித் தெரியும் என்று கேட்பாள். திருடனுக்குத் தேள் கொட்டியது போல, கத்தவும் வழியில்லை.

இனி அட்டவணையைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தார். ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் திறந்தார். தனக்குள் சொல்லிக்கொண்ட காரணம், அவள் நன்றாக இருக்கிறாளா என்று பார்த்துக்கொள்வது. எழுபத்தொன்று. எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு. மதிய வேளைகளில் அவள் மேசையில் தலைசாய்த்துக் கிடப்பதைப் பார்த்தபோது, மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்ற நினைப்பில் ஒருவிதமான நெருக்கம்கூட அவருக்கு இருந்தது. பின்னால் அதை நினைத்துத்தான் அதிகம் கூசினார்.

ஐந்தாவது வாரத்தில் அவள் வியாழனும் வெள்ளியும் விடுப்பு எடுத்தாள். வயிற்றுவலி என்று ஒருவரித் தகவல். திங்கட்கிழமை வந்துவிட்டாள். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. மற்றபடி வழக்கம்போல வேலை பார்த்தாள். அந்த வாரம் எண்கள் இறங்கின. எழுபது, அறுபத்தெட்டு. அடுத்த வாரத் தொடக்கத்தில் அறுபத்து மூன்று.

தூக்கமும் சீராகி, எண்ணும் பழையபடி வந்துவிட்டதால், தான் முதலில் நினைத்தது தவறு போலிருக்கிறது, ஏதோ சின்ன உடல்நலக் குறைவுதான் என்று அவருக்கு ஒரு நிம்மதி. அன்று மாலை அதை மனைவியிடம் சொன்னார். நல்ல செய்தி சொல்கிற குரலில்தான் சொன்னார். அவள் குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள். துண்டைத் தோளில் போட்டபடி எத்தனை நாளில் இறங்கியது என்று கேட்டாள். பத்து நாள் இருக்கும் என்றார். விடுப்பு எடுத்தாளா என்று கேட்டாள். இரண்டு நாள் என்றார்.

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். துண்டை மடித்து மடியில் வைத்தாள்.

"ரெண்டு நாள் போதாதுங்க" என்றாள் பிறகு.

வேறு எதையும் அவள் சொல்லவேண்டியிருக்கவில்லை.

மறுநாள் அவர் அலுவலகத்துக்கு நடந்தே போனார். ஒரு மணி நேரம் ஆனது. போய்ச் சேர்ந்ததும் குழுவின் தகவல்கள் வந்துகொண்டிருந்த வழியை அடைத்தார். பழையதை அழிக்கப் போனவர் கையை எடுத்துவிட்டார். சம்பந்தப்பட்டவளிடம் சொல்லாமல் அழித்தால், அதுவும் அவளுக்குத் தெரியாமல் செய்கிற இன்னொரு காரியமாகிவிடும் என்று பட்டது. சொல்வதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. சொல்லாமல் விட்டால் அவளுக்கு நோவு இல்லை என்று ஒரு மனம் சொன்னது. தனக்கும் நோவு இல்லை என்பதை அது சேர்த்துச் சொல்லவில்லை. மதியம் வரை யோசித்தார். பிறகு அவள் மேசைக்குப் போய், ஒரு சுற்றுப் போய் வரலாமா என்று கேட்டார்.

சைக்கிள் கொட்டகை வரை நடந்தார்கள். அங்கே நின்று அவர் சொன்னார். சுற்றி வளைக்காமல் சொல்லவேண்டும் என்று முடிவு செய்திருந்தார். எந்தச் செவ்வாய்க்கிழமை பார்த்தார், எந்த எண் எவ்வளவு ஏறியது, அதிலிருந்து தான் எதை ஊகித்தார், அதனால்தான் வேலையை மாற்றினார், அதன் பிறகும் தினமும் பார்த்தார், போன வாரம் இறங்கியதையும் பார்த்தார். மனைவியிடம் கேட்டதையும், யாரென்று சொல்லாமலே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டதையும் மறைக்கவில்லை. குழந்தை என்ற சொல்லை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை.

அவள் ஒரு சைக்கிளின் இருக்கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் முடித்ததும், எந்தச் செவ்வாய்க்கிழமை என்று மறுபடி கேட்டாள். தேதியைச் சொன்னார். அவள் விரல்விட்டு எண்ணினாள்.

"எனக்கே அன்னைக்குத் தெரியாது" என்றாள். "எனக்கு எப்பவும் நாள் தள்ளித்தான் போகும். அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமைதான் டெஸ்ட் பண்ணேன். எங்க வீட்டுக்காரர்கிட்ட முதல்ல சொல்லணும்னு அவர் ஊர்ல இருந்து வர்ற வரைக்கும் ரெண்டு நாள் யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்தேன். எங்கம்மாகிட்டகூட."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவருக்குத்தான் முதல்ல தெரிஞ்சதுன்னு நினைச்சிட்டு இருக்கேன். அதுக்கு முன்னாடியே இங்க ரெண்டு பேருக்குத் தெரிஞ்சிருக்கு."

மன்னிப்புக் கேட்டார். அவள் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. பின்பக்கச் சந்தில் ஏசி இயந்திரம் ஒன்று நின்று, மறுபடி இரைச்சலோடு ஓடத் தொடங்கியது.

"அதுக்காகத்தான் என் வேலையை எடுத்தீங்களா?"

"ஆமா."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

"தெரியலை. செய்யறேன்னு சொல்லியிருப்பேனோ, வேண்டாம்னு சொல்லியிருப்பேனோ. எதுவா இருந்தாலும் நான் சொன்னதா இருந்திருக்கும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் என்ன செய்திருப்போம் என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு காரியம் கேட்டாள். ஒன்று, வேலை தனக்குத் திரும்ப வேண்டும். உடம்பு தாங்குமா என்று கேட்க அவர் வாய் திறந்தது; மூடிக்கொண்டார். இரண்டாவது, தன்னுடைய எண்களை அழிப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்துத் தரவேண்டும்.

"முழுசும் வேண்டாம். அந்த ஒன்பது வாரம் மட்டும்."

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அவளே, நடந்துகொண்டே, வேறு எங்கேயும் அதற்கு ஒரு அடையாளம் இல்லை என்றாள். ஸ்கேன் எடுக்க நாள் குறித்திருந்தார்கள், அதற்கு நான்கு நாள் முன்னால் கலைந்துவிட்டது. வாட்சிலேயே எல்லாம் இருக்குமே என்று அவர் சொன்னபோது, வாட்சையும் கைபேசியில் சேர்ந்திருந்ததையும் அன்றைக்கே அழித்துவிட்டதாகச் சொன்னாள். அன்றைக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. திரும்பக் கையில் கட்டியது போன திங்கட்கிழமைதான். நடுவில் நாலைந்து நாள் காலியாக இருக்கும் என்றாள். இருந்தது. அவர் அதை உடல்நலக் குறைவில் சார்ஜ் போட மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தார்.

அறுபத்து மூன்று வரி. ஒரு வரிக்கு ஒரு தேதி, ஓர் எண். அதைப் பிரிண்டரில் எடுத்தபோது இரண்டு தாள் வந்தது. பக்கத்திலேயே நின்று, வேறு யாரும் எடுக்காமல் பார்த்துக்கொண்டார். ஓர் உறையில் போட்டுக் கொடுத்தார். அவள் பிரித்துப் பார்க்காமல் பைக்குள் வைத்தாள். பிறகு இருவருமாக அவர் திரையின் முன் உட்கார்ந்து, அட்டவணை முழுவதையும், ஐந்து பேருடையதையும் அழித்தார்கள். வேறு எங்காவது நகல் இருக்கிறதா என்று அவள் கேட்டாள். இரண்டு இடங்களில் இருந்தன. ஒன்று அவருக்கே நினைவில் இல்லாதது, அவள்தான் கண்டுபிடித்தாள்.

குழுவிடம் இது நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னார். எல்லோருடையதையும் ஒரே இடத்தில் வைத்தது தன் தவறு, அது நடந்திருக்கக் கூடாது என்றார். ஓட்டக்காரன் வரும் மாதப் பந்தயத்துக்கு இதை நம்பித்தான் பயிற்சி எடுப்பதாகக் குறைப்பட்டான். அவனவன் வீட்டில் அவனவனுக்கு வைத்துக்கொள்ளலாம், எப்படி என்று தான் சொல்லித் தருவதாகச் சொன்னார்.

மேலாளரிடம் அவ்வளவு எளிதாக முடியவில்லை. நாற்பது பேருக்கும் என்று அவர் மேலிடத்தில் சொல்லிவிட்டிருந்தார். நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை எதற்கு நிறுத்தவேண்டும் என்று கேட்டார்.

"நான் பார்க்கக் கூடாத ஒண்ணைப் பார்த்துட்டேன் சார்."

"என்னது அது?"

"அதைச் சொன்னா நீங்களும் பார்த்த மாதிரி ஆயிடும்."

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். யாருக்காவது ஆபத்தா என்று கேட்டார். இல்லை என்றார். நிறுவனத்துக்குச் சிக்கல் வருமா என்று கேட்டார். வரவேண்டியது தனக்குத்தான் என்றார். கடைசியில், ஏன் செய்யக் கூடாது என்பதை, யாரையும் குறிப்பிடாமல், எழுதித் தரச் சொன்னார். ஆமை நான்கு பக்கம் எழுதினார். அந்த ஆண்டு அவருடைய மதிப்பீட்டில் முன்முயற்சி குறைவு என்று ஒரு வரி இருந்தது. அதை அவர் மறுக்கவில்லை.

வேலையைத் திருப்பிக் கொடுப்பதில் ஓட்டக்காரனுக்கு வருத்தம் இருக்கும் என்று நினைத்தார்கள். அவனோ பெருமூச்சு விட்டான். நோட்டின் பாதி அவனுக்குப் புரியவே இல்லை; கேட்கவும் வெட்கமாக இருந்திருக்கிறது. அதன் பிறகு இரண்டரை வாரம் பூட்டு காலையில் முதல் ஆளாக வந்தாள். அவரை அவள் அண்ணா என்று கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். சார் என்றும் சொல்லவில்லை. எதுவும் சொல்லாமல், நேராக விஷயத்தைத் தொடங்கினாள். இருவருக்கும் அது பழகிப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மாற்றத் தொடங்கினார்கள். தொண்ணூற்றிரண்டு தடங்கள். பதினோரு மணிவாக்கில் முப்பத்தெட்டாவது தடத்தின் பலகைகள் இருண்டுபோயின. அவள் நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தை எடுத்துவைத்து, பழைய இயந்திரத்துக்கு அந்தத் தடத்தை மட்டும் திருப்பிவிட்டாள். பலகைகள் திரும்ப எரியப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. அது ஏன் ஆனது என்று கண்டுபிடிக்க இன்னும் ஒரு மணி நேரம். ஆமை அவள் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் கேட்டபோது மட்டும் வரிகளைப் படித்துச் சரியென்று சொன்னார். மாலை ஐந்தேகாலுக்குத் தொண்ணூற்றிரண்டாவது தடமும் புதியதற்கு வந்தது. ஓட்டக்காரன் கைதட்டினான். அவள் நோட்டை மூடி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அவளிடமிருந்து விடுப்பு விண்ணப்பம் வந்தது. பத்து நாள். காரணம் எழுதும் கட்டம் காலியாக இருந்தது. அந்தக் கட்டத்தை நிரப்பாத விண்ணப்பத்தை மென்பொருள் ஏற்காது; எப்படியோ அனுப்பியிருந்தாள். அவர் ஒப்புதல் கொடுத்துவிட்டு, அந்தப் பத்து நாளும் யாரும் அவளுக்குப் போன் செய்யவேண்டாம், டேட்டாபேஸில் என்ன வந்தாலும் தன்னிடம் வாருங்கள் என்று குழுவுக்குச் சொன்னார்.

எங்கே போகிறாளாம் என்று ஓட்டக்காரன் கேட்டான்.

"தெரியாது" என்றார். "நான் கேக்கலை."